பளபளப்புத் தாள் எதற்கு? பழைய சேலை போதும்!

டிசம்பர் பிறந்துவிட்டது.

வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. அடுப்படியில் முறுக்கும் அதிரசமும் வேகின்றன. பிள்ளைகள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் என்றால் பரிசு உண்டு. தாத்தா பேரனுக்குக் கொடுப்பார். அக்காள் தம்பிக்குக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்.

பரிசை வாங்கியாயிற்று. அதை அப்படியே கையில் கொடுக்க மனம் வருமா? வராது. எதிலாவது சுற்றி, அழகாகக் கட்டிக் கொடுக்கத்தான் தோன்றும். அது நல்ல எண்ணம்தான்.

ஆனால், சுற்றுவதற்கு என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடுகிறோம். பளபளக்கும் தாள் வாங்குகிறோம். மினுமினுக்கும் நாடா வாங்குகிறோம். பிளாஸ்டிக் பூ வாங்குகிறோம். மறுநாள் காலையில் எல்லாம் குப்பைக்குப் போகிறது.

இது வேண்டாம் என்கிறேன். பரிசைக் கடையில் வாங்குங்கள். சுற்றும் தாளை வீட்டில் செய்யுங்கள்!

பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

சிறுமி ஏன் அழுதாள்?

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். கணவர் இல்லை. தையல் தைத்துப் பிழைக்கிறார். ஒரே மகள். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா வந்தது. வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். யார் பெயர் வருகிறதோ, அந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க வேண்டும்.

தாய் 40 ரூபாய்க்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கினார். நல்ல பெட்டி. அதை ஒரு செய்தித்தாளில் சுற்றினார். தையல் நூலால் கட்டினார். மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

வகுப்பில் மேஜைமேல் பரிசுகளை அடுக்கினார்கள். ஒன்று வெள்ளிபோல் மின்னியது. ஒன்று பொன்போல் மின்னியது. நடுவில் இந்தச் செய்தித்தாள் பொட்டலம்!

"இது என்ன, கடலைப் பொட்டலமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

வகுப்பே சிரித்தது.

அந்தச் சிறுமி வீட்டுக்கு வந்து, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

யோசித்துப் பாருங்கள். உள்ளே இருந்த பெட்டியை அப்போது யாருமே பார்க்கவில்லை. அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்! பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, எது பணக்காரப் பரிசு, எது ஏழைப் பரிசு என்று தரம் பிரித்துவிட்டார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மினுக்குவதுதான் உயர்ந்தது என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

மறு வருஷம் டிசம்பரில் அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இந்த வருஷமாவது கடையில நல்ல தாளா வாங்கிக் குடுத்திரணும். பிள்ளை போன வருஷத்தை இன்னும் மறக்கல" என்றார்.

அவர் விசாரித்து வந்திருந்த தாளும் நாடாவும் பூவும் சேர்ந்து 60 ரூபாய். வாங்கப்போகும் பரிசோ 50 ரூபாய். மாப்பிள்ளையைவிட மாலைக்கு விலை அதிகம்!

பிறகு என்ன நடந்தது? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாள் தீர்ந்துபோன கடை

கடையில் விற்கும் வண்ணத் தாள்தான் கிறிஸ்துமஸ் பரிசுக்கு முறையானது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தாள் எப்படிப் பிறந்தது தெரியுமா?

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊர். 1917-ம் ஆண்டு. ஹால் என்ற சகோதரர்கள் அங்கே வாழ்த்து அட்டைக் கடை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பரிசுகளைச் சுற்ற மெல்லிய டிஷ்யூ தாளைத்தான் மக்கள் பயன்படுத்தினார்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று சில நிறங்களே இருந்தன.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தாள் முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது. கூட்டமோ குறையவில்லை. என்ன செய்வது?

கடிதம் போடும் உறைக்கு உள்பக்கம் ஒட்டுவதற்காக, படம் அச்சிட்ட பிரெஞ்சுத் தாள் அவர்களிடம் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்துக் கடையில் வைத்தார்கள். ஒரு தாள் 10 சென்ட். வைத்த வேகத்தில் தீர்ந்துபோயிற்று! அடுத்த வருஷமும் அப்படியே விற்றது. பிறகு அவர்களே அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். அந்தக் கடைதான் பின்னால் 'ஹால்மார்க்' என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று.

கவனித்தீர்களா? இன்று முறை என்று நாம் நினைக்கும் வண்ணத் தாள், அன்று அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்த தாள்! வேறு வேலைக்காக வைத்திருந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதைத்தான் உங்கள் வீட்டிலும் செய்யச் சொல்கிறேன்.

ஒட்டும் நாடாவும் அப்படித்தான். செலோபேன் ஒட்டும் நாடா அமெரிக்காவில் 1930-ல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பும் மக்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள், பரிசு கொடுத்தார்கள். நூலால் கட்டினார்கள். அரக்கு வைத்து ஒட்டினார்கள். கொண்டாட்டம் குறைந்தா போயிற்று?

சுற்றத்தான் வேண்டுமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? சும்மா கையில் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

சுற்றிக் கொடுப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. அது பொய்யல்ல. 1992-ல் டேனியல் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே பொருளைச் சும்மா கொடுப்பதைவிடப் பரிசுபோல் சுற்றிக் கொடுத்தால், வாங்குகிறவர்களுக்கு அது அதிகமாகப் பிடிக்கிறது. பொட்டலத்தைப் பார்த்ததும் மனம் மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சி உள்ளே இருக்கும் பொருளின்மேலும் படிகிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. நெவாடா பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. மாணவர்களுக்குக் கோப்பைகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிலவற்றை மிகவும் நேர்த்தியாகச் சுற்றியிருந்தார்கள். சிலவற்றைக் கோணல்மாணலாகச் சுற்றியிருந்தார்கள். கோணல் பொட்டலம் கிடைத்தவர்களுக்கே கோப்பை அதிகமாகப் பிடித்தது!

காரணம் என்ன? வெளியே பகட்டாக இருந்தால், உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று மனம் ஆசைப்படுகிறது. திறந்ததும் ஏமாந்துபோகிறது. இது நெருங்கிய நண்பர்களுக்குள் கொடுக்கும் பரிசுக்குத்தான் பொருந்தும் என்றும் அவர்கள் கண்டார்கள். அதிகப் பழக்கம் இல்லாதவருக்குக் கொடுக்கும்போது, நேர்த்தியாகச் சுற்றினால்தான் நல்லது.

ஆகவே, சுற்றுங்கள். பகட்டாகச் சுற்றாதீர்கள். 40 ரூபாய்ப் பரிசை 400 ரூபாய்ப் பரிசுபோல் காட்ட வேண்டியதில்லை. இதற்காக ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தார் என்பது தெரிந்தால் போதும்.

நமக்கு இது புதிதா?

பொட்டலம் கட்டும் கலை நமக்குப் புதிதல்ல.

பழைய மளிகைக்கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். தாளை ஒரு சுருட்டுச் சுருட்டுவார். பருப்பைக் கொட்டுவார். மேலே மடிப்பார். தலைக்குமேல் தொங்கும் நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் அறுப்பார். பசையும் இல்லை, நாடாவும் இல்லை. பொட்டலம் தலைகீழாக விழுந்தாலும் பிரியாது!

பூக்கடையில் மல்லிகைப் பூவை இலையில் வைத்து வாழைநாரால் கட்டித் தருவார்கள். தென்பாண்டிச் சீமையில் சில்லுக்கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டுத் தருவார்கள். செட்டிநாட்டில் கல்யாணச் சீர்வரிசைக்கே ஓலைக் கொட்டான் உண்டு. பாட்டிமார்கள் முந்தானையில் காசு முடிந்து வைத்திருந்தார்களே, அதுவும் ஒரு பொதிதானே!

ஜப்பானியர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. சதுரத் துணியில் பொருளை வைத்து, நான்கு மூலைகளையும் சேர்த்து முடிவார்கள். 'ஃபுரோஷிகி' என்று பெயர். பிளாஸ்டிக் பை வந்ததும் அந்த வழக்கம் மங்கியது. 2006-ல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, அந்த வழக்கத்தை மீட்பதற்காகப் புதிய ஃபுரோஷிகித் துணி ஒன்றையே வெளியிட்டார்.

ஒரு நாட்டு அமைச்சர் துணி முடிச்சைப் பெருமையாக எண்ணுகிறார். நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

எப்படிச் செய்வது?

இனி வேலைக்கு வருவோம். மிகவும் எளிதுதான். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாள். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் தாள் போதும். பழைய மாதக் காலண்டரின் பின்பக்க வெள்ளைத் தாளும் நன்றாக இருக்கும்.

அடுத்தது அளவு. ஒரு பெட்டி 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைச் சுற்றி நூலைப் பிடித்துப் பாருங்கள். 6, 3, 6, 3 ஆக 18 அங்குலம் வரும். ஒன்றன்மேல் ஒன்று படிய 1 அங்குலம் சேர்த்தால் 19. மற்றப் பக்கம், பெட்டியின் நீளம் 10. இரண்டு ஓரத்திலும் மடிக்க 2 அங்குலம் வீதம் விட்டால் 14. ஆகத் தாளின் அளவு 19-க்கு 14. ஓரத்தில் அதிகத் தாள் விடாதீர்கள். விட்டால் மடிப்புத் தடித்து, தொப்பை விழும்!

பெட்டியைத் தாளின் நடுவில் கவிழ்த்து வையுங்கள். இரு பக்கத்தையும் இழுத்து மூடி ஒட்டுங்கள். ஓரங்களில் முதலில் இடது வலது காதுகளை உள்ளே மடியுங்கள். பிறகு மேலிருந்து ஒரு மடிப்பு. கீழிருந்து ஒரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி இழுங்கள். பொட்டலத்தின் அழகு தாளில் இல்லை. இந்த மடிப்பில்தான் இருக்கிறது.

ஒட்டுவதற்குப் பசை வேண்டுமா? சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்தால் போதும். அதிகம் வேண்டுமானால், இரண்டு கரண்டி மைதாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். கூழ்போல் ஆனதும் இறக்குங்கள். ஆறியதும் பயன்படுத்துங்கள்.

இனி அலங்காரம். இங்கேதான் வெண்டைக்காய் வருகிறது!

முற்றிய வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரியும். வழவழப்பைத் துணியால் துடையுங்கள். ஒரு தட்டில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதில் வண்ணத்தை ஊற்றுங்கள். வெண்டைக்காயை லேசாகத் தொட்டுத் தாளில் ஒற்றுங்கள். தாள் முழுவதும் நட்சத்திரம் பூக்கும்! மிதமாகத் தொட்டால் கோடு தெளிவாக விழும். தாளை நன்றாகக் காயவிட்ட பிறகு மடியுங்கள்.

நாடாவுக்குப் பதில் சணல் கயிறு கட்டலாம். வாழைநார் கட்டலாம். பழைய சேலையின் சரிகைக் கரையை வெட்டிக் கட்டினால் கண் கூசும்! முடிச்சில் ஒரு துளசிக் கொத்தோ, ஒரு பூவோ செருகுங்கள்.

பந்து, வளையல், பாட்டில் போன்றவற்றைத் தாளில் சுற்றுவது கஷ்டம். அவற்றுக்குத் துணிதான் சரி. பழைய பருத்திச் சேலையில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, ஓரம் தையுங்கள். துணியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை உள்ள நீளம், பொருளைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். பொருளை நடுவில் வையுங்கள். இரண்டு மூலைகளை அதன்மேல் மூடுங்கள். மற்ற இரண்டு மூலைகளையும் இழுத்து முடியுங்கள். முடிந்தது வேலை!

ஓர் எச்சரிக்கை. தின்பண்டத்தை அச்சடித்த செய்தித்தாளில் நேராகச் சுற்றாதீர்கள். மை பண்டத்தில் ஒட்டும். அது உடலுக்குக் கெடுதல் என்று 2016-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் தாளுக்கும் இது பொருந்தும்!

கசக்கிப் பாருங்கள்!

கடையில் விற்கும் மினுக்குத் தாள் உண்மையில் தாள்தானா? ஒரு சோதனை சொல்கிறேன்.

கையில் வைத்துக் கசக்குங்கள். பிறகு கையை விரியுங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது!

அதைப் பழைய பேப்பர்க்காரர் எடுக்கமாட்டார். மண்ணில் மக்காது. எரித்தால் நச்சுப் புகை வரும். அதைச் சாக்கடையும் ஆடு மாடுகளின் வயிறுமே தாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. கடைக்கு மஞ்சப்பை எடுத்துப் போகிறோம். பண்டிகை நாளில் மட்டும், தாள் என்ற பெயரில் பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் விடலாமா?

சிலர் சொல்வது

"எங்களுக்கு நேரம் இல்லை" என்பார்கள் சிலர். கடைக்குப் போய், தாள் தேடி, கூட்டத்தில் நின்று திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தில் நான்கு பொட்டலம் கட்டிவிடலாம்.

"கடைக்காரர் பிழைக்க வேண்டாமா?" என்பார்கள் சிலர். வேண்டும். மணப்பாடு போன்ற ஊர்களில் பெண்கள் பனையோலையில் அழகான பெட்டிகள் முடைகிறார்கள். காசு செலவழிக்க விரும்பினால் அதை வாங்குங்கள். பரிசை எடுத்த பிறகும் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும். வளையல் போட்டு வைக்கலாம். ஊசி நூல் வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கும் கூலி போய்ச் சேரும்.

யாரும் சிரிக்கவில்லை

அந்தத் தையற்காரத் தாயின் கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அவர் வந்து பேசியபோது என் மனைவி அடுப்படியில் இருந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்தது. கையில் ஒரு வெண்டைக்காயோடு வெளியே வந்தாள். "பிள்ளையை அனுப்பி வை. நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

அன்று மாலை அந்தச் சிறுமி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிரவுன் தாளில் நட்சத்திரம் ஒற்றினாள். சிவப்பு ஒரு வரிசை. நீலம் ஒரு வரிசை. தாய் வெட்டி வைத்திருந்த சரிகைத் துண்டால் கட்டினாள். மொத்தச் செலவு 10 ரூபாய்கூட இல்லை.

பள்ளியில் என்ன நடந்தது? பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான். பரிசு வாங்கிய பெண், தாளைக் கிழிக்காமல் பிரித்து மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு அதைத் தன் நோட்டுக்கு அட்டையாகப் போட்டுக்கொண்டாளாம். "எப்படிச் செஞ்ச?" என்று இரண்டு பேர் வந்து கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால், ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்தால் போதாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பிரவுன் தாள் கொடுங்கள். வகுப்பிலேயே வண்ணம் ஒற்றட்டும், வகுப்பிலேயே சுற்றட்டும். அப்போது மேஜைமேல் ஏழைப் பொட்டலம், பணக்காரப் பொட்டலம் என்று இரண்டு இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மினுக்குத் தாள் வாங்கப் போகும் முன், பீரோவைத் திறந்து பழைய சேலையைப் பாருங்கள். காய்க்கூடையைப் பாருங்கள்.

கிறிஸ்து பிறந்தபோது அவரைப் பட்டில் சுற்றவில்லை. சாதாரணத் துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியில் கிடத்தினார்கள் என்கிறது வேதாகமம். அந்தப் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பரிசைச் சுற்ற, நம் வீட்டுத் துணி போதாதா?